8.05% ரிசர்வ் வங்கிப் பத்திரம்: விலைவாசியோடு ஏறுமா, அரசு மனசு வைத்தால் ஏறுமா?

வங்கிக் கிளையில் ‘ஆர்.பி.ஐ. பாண்ட்’ என்று கேட்டால் இதற்கான படிவத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். முழுப்பெயர் ஃப்ளோட்டிங் ரேட் சேவிங்ஸ் பாண்ட்ஸ் 2020 (டாக்ஸபிள்). பெயர் ரிசர்வ் வங்கியின் பெயரில் புழங்கினாலும் கடன் வாங்குவது மத்திய அரசு. ரிசர்வ் வங்கி விற்றுக் கொடுத்து, கணக்கு வைத்து, வட்டியை அனுப்புகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரத்தின் நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

குறைந்தபட்ச முதலீடு ரூ.1,000. அதற்கு மேல் ஆயிரத்தின் மடங்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது. காலம் 7 ஆண்டுகள். ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை வட்டி வங்கிக் கணக்கில் விழும். வட்டியைச் சேர்த்துவைத்து முடிவில் மொத்தமாகத் தரும் வசதி இல்லை. வட்டி விகிதமும் அதே இரண்டு தேதிகளில் புதுப்பிக்கப்படும். தபால் நிலைய தேசிய சேமிப்புப் பத்திரமான என்.எஸ்.சி.க்கு அப்போது என்ன வட்டியோ, அதோடு 0.35% சேர்த்தால் இதன் வட்டி. என்.எஸ்.சி. 7.7% என்பதால் இது 8.05%. 2023 ஜூலை முதல் 2025 முடிவு வரை இந்த எண் அசையவில்லை.

விற்பவர்கள் இதைப் பற்றிச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “விலைவாசி ஏறினா வட்டியும் ஏறும், கவலையே வேண்டாம்.” இது பாதிதான் உண்மை. விடுபட்ட மற்றொரு பாதியில்தான் ஓய்வுக்காலப் பணத்தின் கதி இருக்கிறது.

பத்திரத்தின் சூத்திரத்தில் பணவீக்கம் என்ற சொல்லே கிடையாது. என்.எஸ்.சி. வட்டி இருக்கிறது. அந்த வட்டியை முடிவு செய்வது நிதி அமைச்சகம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 2011-ல் சிறுசேமிப்புத் திட்டங்களை ஆராய்ந்த சியாமளா கோபிநாத் குழு சொன்னபடி, 5 ஆண்டு அரசுப் பத்திரம் சந்தையில் தரும் சராசரி வருவாயோடு 0.25% கூட்டினால் என்.எஸ்.சி. வட்டி வரவேண்டும். சந்தையில் அரசுப் பத்திரத்தின் வருவாய், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தையும் அரசு எவ்வளவு கடன் வாங்கப்போகிறது என்பதையும் ஒட்டி நகரும். ரெப்போவை, பணவீக்கத்தையும் வளர்ச்சியையும் தராசில் வைத்துப் பார்த்து 6 பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு தீர்மானிக்கிறது. ஆக, காய்கறிக் கடையில் விலை ஏறுவதற்கும் உங்கள் வட்டி ஏறுவதற்கும் நடுவே நான்கு கதவுகள். ஒவ்வொரு கதவும் திறக்க நேரம் பிடிக்கும். கடைசிக் கதவின் சாவி, உங்களிடம் கடன் வாங்கிய அரசின் கையிலேயே இருக்கிறது.

2022-ல் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். அந்த ஆண்டு ஜனவரி முதல் அக்டோபர் வரை பத்து மாதங்களும் சில்லறைப் பணவீக்கம் 6%-க்கு மேலேயே இருந்தது. ஏப்ரலில் 7.79%. சட்டப்படி இலக்கு 4%, மேலே 6, கீழே 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து எல்லை தாண்டியதால் ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை எழுதவேண்டி வந்தது. ரெப்போ அந்த ஆண்டு மே மாதமே ஏறத் தொடங்கி, 4%-லிருந்து 2023 பிப்ரவரியில் 6.5% வரை போனது. இத்தனை நடந்தும் இந்தப் பத்திரம் 2022 முழுவதும் கொடுத்தது அதே 7.15%. என்.எஸ்.சி.யை 6.8-லிருந்து 7.0-க்கு ஏற்றியதே 2023 ஜனவரியில்தான், அப்போது இது 7.35% ஆனது. ஏப்ரலில் என்.எஸ்.சி. 7.7%-க்குத் தாவியது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு அந்த உயர்வு கைக்கு வர ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரெப்போ ஏறத் தொடங்கியதிலிருந்து 14 மாதம்.

வரிக்குப் பிறகு என்ன மிஞ்சியது என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2020-21-ல் சராசரிப் பணவீக்கம் 6.2%, பத்திரத்தின் வட்டி 7.15%. கல்விக் கூடுதல் வரியோடு 20.8% வரி கட்டுபவர் கையில் நின்றது 5.66%. விலைவாசியைக் கழித்தால் அரை சதவிகித நஷ்டம். 31.2% வரி கட்டுபவருக்கு நஷ்டம் 1.3%-ஐ ஒட்டி. 2021-22-ல் பணவீக்கம் 5.5%, நடுத்தர வரி கட்டியவர் நூலிழையில் தப்பினார். 2024-25-ல் வட்டி 8.05, பணவீக்கம் 4.6. இப்போது அதே 20.8% வரிக்காரருக்கு 1.8% நிஜ லாபம், உயர் வரிக்காரருக்கும் ஏறக்குறைய 0.9%. பத்திரம் ஒன்றுதான், நிபந்தனையும் மாறவில்லை. நடுவே மாறியது அரசும் ரிசர்வ் வங்கியும் எடுத்த முடிவுகள்.

2020-21 ஏன் அப்படி அமைந்தது என்பதற்குப் பதில் வளர்ச்சியில் இருக்கிறது. கொரோனா ஆண்டில் நாட்டின் உற்பத்தி 5.8% சுருங்கியது. தொழிலைத் தூக்கி நிறுத்த ரெப்போவை 4%-க்கு இறக்கினார்கள். விலைவாசி 6%-க்கு மேல் இருந்தும் வட்டியை ஏற்றவில்லை. அந்தச் சூழலில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் வளர்ச்சிக்காகக் குறைத்த வட்டியின் செலவைச் சுமந்தவர்களில் முதல் வரிசை, வட்டியில் வாழும் முதியவர்கள். 2020 ஏப்ரலில் என்.எஸ்.சி. 7.9-லிருந்து ஒரேயடியாக 6.8-க்கு இறங்கியது. மே 28-ஆம் தேதியோடு நிலையான 7.75% பத்திரம் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தில் ஜூலை 1 அன்று வந்ததுதான் இந்த மாறும் வட்டிப் பத்திரம். வட்டி விகிதங்கள் தரைதட்டிக் கிடந்தபோது வந்ததால், மாறும் வட்டி என்பது வாங்குபவருக்குச் சாதகமாகவே முடிந்தது. 2020-ல் வங்கி டெபாசிட்டின் குறைந்த நிலையான வட்டியில் 7 ஆண்டுக்கு மாட்டிக்கொண்டவர்களைவிட இதை வாங்கியவர்கள் பின்னால் நன்றாக இருந்தார்கள்.

கடைசிக் கதவின் சாவி அரசிடம் என்று சொன்னதற்கு ஒரே நாளில் கிடைத்த சான்று 2021 மார்ச் 31. அன்று மாலை சிறுசேமிப்பு வட்டிகள் குறைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. என்.எஸ்.சி. 6.8-லிருந்து 5.9. மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவாக வெளியான உத்தரவு என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள். மேற்கு வங்கத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது, தமிழ்நாட்டில் ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு. அந்த 5.9% நிலைத்திருந்தால், ஜூலையிலிருந்து இந்தப் பத்திரம் 6.25%-க்கு வந்திருக்கும். ரூ.10 லட்சம் போட்டவருக்கு ஆண்டுக்கு ரூ.9,000 குறைந்திருக்கும். கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஒரே இரவில் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பக்கூடிய எண் மீது 7 ஆண்டுத் திட்டம் நிற்கிறது என்பதை வாங்குபவர் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

இதன் மறுபக்கம் 2025. ரெப்போ பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25%, 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீட்டுத் தொடரிலேயே மிகக் குறைவு. அப்போது வெளியான கணக்குப்படி ஜூலை-செப்டம்பர் வளர்ச்சி 8.2%. சியாமளா கோபிநாத் சூத்திரத்தை அப்படியே போட்டிருந்தால் இந்தப் பத்திரம் 7%-க்குக் கீழே வந்திருக்கும். அரசு என்.எஸ்.சி.யைத் தொடவில்லை, 8.05% நீடித்தது. ஏறும்போது தாமதித்தது போலவே இறங்கும்போதும் தாமதிக்கிறது. இந்த இரண்டாவது தாமதம் முதலீட்டாளர் பக்கம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பணவீக்கத்தை இறக்க அரசிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ரெப்போவை ஏற்றுவது, அது ரிசர்வ் வங்கியின் வேலை. மற்றது பண்டங்களின் வரத்தையும் வரியையும் தொடுவது: 2022 மே-யில் கோதுமை ஏற்றுமதித் தடை, பெட்ரோல் கலால் வரியில் லிட்டருக்கு ரூ.8 குறைப்பு, 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதித் தடை, ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40% ஏற்றுமதி வரி. 2012 தொடரில் உணவு, பானங்களின் எடை 45.86% என்பதால் இந்த இரண்டாவது வழி எண்ணைச் சட்டென்று அசைக்கும். 2023 ஜூலையில் தக்காளி விலை பணவீக்கத்தை 7.44%-க்குத் தூக்கியது, வரத்து சீரானதும் அது தானாக இறங்கியது. தக்காளிக்காக ரெப்போ ஏறவில்லை, உங்கள் வட்டியும் ஏறவில்லை. ஏறக் காரணமும் இல்லை. ஆகையால் உணவுப் பொருளால் வரும் விலையேற்றத்துக்கு இந்தப் பத்திரத்திடம் பதில் எதிர்பார்க்கக் கூடாது. அதே சமயம் உணவு விலை விழுந்து பணவீக்கம் இறங்கும்போது வட்டி இறங்காமல் நிற்கும், அப்போதுதான் நிஜ லாபம் கொழுக்கும். உற்பத்திச் செலவு, தேவை எல்லாம் பரவலாகச் சூடேறி, ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றி, அது நிலைத்து நிற்கும் விலையேற்றத்தில் மட்டுமே, அதுவும் ஓராண்டு பொறுத்து, இது கைகொடுக்கும்.

நேரடியாகப் பணவீக்கத்தோடு கட்டப்பட்ட பத்திரத்தை இந்திய அரசு விற்றதே இல்லையா என்றால், விற்றது. 2013 டிசம்பர் 23-ல் தனிநபர்களுக்காக வந்த பத்திரத்தில், சில்லறைப் பணவீக்கம் எவ்வளவோ அதோடு 1.5% வட்டி, 10 ஆண்டு, குறைந்தபட்சம் ரூ.5,000. வடிவமைப்பில் இன்றைய பத்திரத்தைவிட நேர்மையானது அதுதான். ஆனால் அன்று வங்கி டெபாசிட்டே 9% தந்தது, 10 ஆண்டு காத்திருக்க ஆள் வரவில்லை, 2014 மார்ச் 31-ல் விற்பனை மூடப்பட்டது. பிறகு பணவீக்கமும் இறங்கியது. 2017 ஜூனில் அது 1.5%-ஐ ஒட்டி வந்தபோது, அந்தப் பத்திரம் மூன்று சதவிகிதத்தை ஒட்டியே ஈட்டியது. நிஜ வருவாய் நிபந்தனைப்படி அதே 1.5%தான். ஆனாலும் பாஸ்புக்கில் சின்ன எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட யாருக்கும் முடியாது. அந்த வகைப் பத்திரத்தை அரசு மறுபடி சாமானியர்களுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய எண் வேண்டாம், விலைவாசிக்கு மேல் ஒரு சதவிகிதம் உறுதியாக வந்தால் போதும் என்று நினைக்கும் முதியவர்களுக்கு இன்று அரசிடம் வாங்க ஒன்றும் இல்லை.

கொண்டுவராததற்கான காரணமும் மறைவானதல்ல. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு ரூ.50.65 லட்சம் கோடி, அதில் வட்டிக்கு மட்டும் ரூ.12.76 லட்சம் கோடி. ரூபாயில் நான்கணா பழைய கடனின் வட்டிக்கே போகிறது. மிதமான பணவீக்கமும் நல்ல வளர்ச்சியும் சேர்ந்தால், அந்தக் கடனின் பாரம் நாட்டின் வருமானத்தோடு ஒப்பிடும்போது சுருங்கும். பணவீக்கத்தோடு கட்டிய கடனில் அந்தச் சுருக்கம் அரசுக்குக் கிடைக்காது.

சரி, இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது? பெரும்பாலோர் செய்யும் தவறு வட்டி முழுவதையும் செலவு செய்வது. ரூ.10 லட்சம் போட்டால் ஆண்டுக்கு ரூ.80,500 வருகிறது. விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறுவதாக வைத்துக்கொண்டால், 7 ஆண்டு கழித்துத் திரும்பும் 10 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய ரூ.7.11 லட்சம். 6% என்றால் ரூ.6.65 லட்சம். போட்ட பணம் பாதுகாப்பாக இருப்பது போலத் தெரியும், உள்ளே கரைந்திருக்கும். அதைத் தடுக்க, 5% விலையேற்றக் கணக்கில், முதல் ஆண்டே ரூ.50,000-ஐ எடுத்து வைக்க வேண்டும். வரி கட்டத் தேவையில்லாதவருக்கு மிச்சம் ரூ.30,500, மாதம் ரூ.2,540. 20.8% வரி கட்டுபவருக்கு வரி ரூ.16,744 போக, எடுத்து வைத்தது போக, மாதம் ரூ.1,146. 31.2%-காரருக்கு மாதம் ரூ.449. பத்து லட்சத்திலிருந்து தேய்மானமில்லாமல் செலவுக்கு எடுக்கக்கூடியது உண்மையில் இவ்வளவுதான். எடுத்து வைத்த பணத்தை அதே பத்திரத்தில் மீண்டும் போடலாம், ஆனால் ஒவ்வொரு வாங்கலுக்கும் புதிதாக 7 ஆண்டு ஓடும் என்பதை மறக்கக் கூடாது. வயதானவர்கள் அந்தப் பங்கைச் சுலபமாக எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பதே மேல்.

புதிய வரி முறையில் 2025-26 முதல் ரூ.12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பது இந்தப் பத்திரத்துக்குக் கிடைத்த பெரிய பலம். வேறு வருமானம் அதிகம் இல்லாத ஓய்வுபெற்றவருக்கு 8.05-ம் முழுதாகக் கையில் நிற்கும். ஆனால் வட்டி தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டி.டி.எஸ். தனிக் கதை. வங்கி டெபாசிட்டில் மூத்தவர்களுக்கு ரூ.1 லட்சம் வட்டி வரை பிடித்தம் இல்லை, அந்தச் சலுகை இங்கே செல்லாது. ஆண்டு வட்டி ரூ.10,000-ஐத் தாண்டினால் 10% பிடிப்பார்கள். 8.05%-ல் கணக்குப் போட்டால், ரூ.1.24 லட்சத்துக்கு மேல் போட்ட எல்லோருக்கும் பிடித்தம் உண்டு. வரி வராதவர்கள் ஒவ்வொரு நிதியாண்டு தொடக்கத்திலும் உறுதிமொழிப் படிவத்தை வாங்கிய வங்கியிலேயே கொடுத்துவிட வேண்டும். மறந்தால் கணக்குத் தாக்கல் செய்துதான் பணத்தை மீட்க முடியும். பான் எண் செயலிழந்திருந்தால் பிடித்தம் 20%.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், 60 வயது தாண்டியவர் முதலில் நிரப்ப வேண்டியது தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டம். 8.2%, காலாண்டு வட்டி, 5 ஆண்டு, போட்ட அன்றைய வட்டி முடியும் வரை மாறாது. ரூ.30 லட்சம் உச்சவரம்பு. அதை நிரப்பிய பிறகு மீதிக்குத்தான் இந்தப் பத்திரம். என்.எஸ்.சி.யோடு ஒப்பிடும்போது கூடக் கிடைப்பது 0.35%. அதற்கு விலையாக இரண்டு ஆண்டு கூடுதல் பூட்டு. என்.எஸ்.சி.யை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், இதை முடியாது. என்.எஸ்.சி.யின் 7.7% ஐந்து ஆண்டுக்கு உறுதி, இதன் 8.05% ஆறு மாதத்துக்குத்தான் உறுதி. ரெப்போ இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் என்.எஸ்.சி.யையே தேர்வு செய்வது புத்திசாலித்தனம். விகிதங்கள் அடிமட்டத்தில் இருந்து ஏறப்போகின்றன என்று தோன்றும்போது, 2020 போல, இதை வாங்கலாம். தொகை பெரியது என்றால் இதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு: வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு ஒரு வங்கிக்கு ரூ.5 லட்சம்தான், இங்கே போட்டது அத்தனைக்கும் மத்திய அரசே பொறுப்பு.

பூட்டைப் பற்றி விற்பவர் சொல்லாமல் விடுவது அதிகம். 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 7 ஆண்டுக்கு முன் எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது. 60 முதல் 70 வரை உள்ளவர் 6 ஆண்டுக்குப் பிறகும், 70 முதல் 80 வரை 5 ஆண்டுக்குப் பிறகும், 80-க்கு மேல் 4 ஆண்டுக்குப் பிறகும் எடுக்கலாம். எடுக்கும்போது கடைசி ஆறு மாத வட்டியில் பாதியைக் கழிப்பார்கள், லட்சத்துக்கு ரூ.2,012.50. விண்ணப்பத்தை எப்போது கொடுத்தாலும் பணம் வருவது அடுத்த ஜனவரி 1 அல்லது ஜூலை 1-ல்தான். ஜனவரி 10 அன்று ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டால் ஜூலையில் கிடைக்கும். மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை இதில் போடவே கூடாது. விற்கவும் முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் நியமனதாரர் அல்லது வாரிசு பெயருக்கு மாறும்.

வாங்குவது சிரமமில்லை. ஸ்டேட் வங்கி, மற்ற அரசுடைமை வங்கிகள், சில பெரிய தனியார் வங்கிகளில் படிவம் கிடைக்கும். ரொக்கமாக ரூ.20,000 வரை மட்டும் வாங்குவார்கள். 2023 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் தளத்திலும் கட்டணமில்லாமல் கணக்குத் தொடங்கி நேரடியாக வாங்கலாம். கணினி பழகியவர்கள் அந்த வழியே போகலாம், கிளையில் காப்பீட்டுப் பாலிசியைத் தலையில் கட்டும் பேச்சு மிச்சம். இந்தியாவில் வசிப்போர் மட்டுமே வாங்க முடியும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளை தன் பெயரில் வாங்கலாம் என்று நினைத்தால் நடக்காது. பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும்.

தாள் பத்திரம் தரமாட்டார்கள். லெட்ஜர் கணக்கில் பதிந்து, சான்று ஒன்று கொடுப்பார்கள். அது கையில் வந்ததும் நான்கு விஷயங்களை அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும்: பெயர் பான் அட்டையில் உள்ளதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, நியமனதாரர் பெயர் ஏறியிருக்கிறதா, வட்டி விழ வேண்டிய கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் சரியா. பிறந்த தேதி தவறினால் முன்கூட்டி எடுக்கும் வயதுச் சலுகை சிக்கலாகும். ஐ.எஃப்.எஸ்.சி. விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்த பிறகு பழைய குறியீடுகள் செல்லாமல் போயின. இப்படிக் குறியீடு மாறினால் வட்டி திரும்பிப் போய்விடும், தாமதமான நாட்களுக்கு வட்டிக்கு வட்டி எதிர்பார்க்க முடியாது. கிளை மாறினாலும் கணக்கை மூடினாலும் வட்டித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதிய விவரத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.

ஒரே நாளில் மொத்தத்தையும் போடாமல், மூன்று ஆண்டுகளில் மூன்று பங்காகப் போட்டால், ஏழாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு பங்கு திரும்ப வரும். அப்போது நிதி அமைச்சகம் என்.எஸ்.சி.யை எங்கே வைத்திருந்தாலும், அடுத்து எங்கே போடுவது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்.